மேகமில்லாத நாளில் எடுத்த படம்

ஸ்டெல்லா இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை அவள் தம்பி அந்தோணி போனில் சொன்னான். காலை ஏழு மணி இருக்கும். பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, அக்கா போயிடுச்சுண்ணா" என்றான். அதோடு போனை வைத்துவிட்டான். நெஞ்சு வலி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஐம்பத்திரண்டு, சாகிற வயதா?

இரண்டாவது முறை ஒன்பது மணிக்கு நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கூப்பிய கைகள், எரிகிற மெழுகுவர்த்தி, ரோஜாப்பூ. நடுவில், 'நம் பகுதிக்கு நிலப் பயன்பாட்டு வரைபடம் தந்த ஸ்டெல்லா அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்' என்று ஒரு வரி. அவள் படத்துக்குப் பின்னணியாக அந்த வரைபடம். பார்த்ததும் எனக்கு அழுகை நின்று கோபம் ஏறியது. அந்த வரைபடத்தில் தப்பு இருக்கிறது, திருத்துங்கள் என்று மூன்று வருஷம் மேசை மேசையாக ஏறி இறங்கியவள் ஸ்டெல்லா. அவளை நிற்கவைத்தே பேசி அனுப்பியவர்கள்தான் இப்போது அதே வரைபடத்தை அவள் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். இருக்கும்போது ஒரு நாற்காலி போடாதவர்கள் செத்த பிறகு மாலையோடு வருவது நம் ஊரில் புதிதில்லை. அதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களை அழவைப்பது என் நோக்கமில்லை. முடிந்தால் உங்களுக்கும் கோபம் வரட்டும், என் மேலும் வரட்டும். இருபத்திரண்டு வருஷம் வா, போ என்று பேசியவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளும் என்னை "ஏம்பா தணிகா" என்றுதான் கூப்பிடுவாள். தணிகாசலம் என்று முழுப் பெயர் சொன்னால் கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய காலனியில் பிறந்தவள். அவள் அம்மா உப்புக் கூடை சுமந்தவர். உப்புப் பாத்தியில் நின்று நின்று அந்த அம்மாவுக்கு உள்ளங்கால் தோல் உரிந்துகொண்டே இருக்கும் என்று சொல்வாள். ஸ்டெல்லா பாலிடெக்னிக்கில் படம் வரையப் படித்தாள், வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே வாரம் நானும் சேர்ந்தேன். நான் மேற்கே நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பத்துப் பிள்ளை. உப்பளத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

எங்கள் வேலை என்ன என்று வெளியாட்களுக்கு ஒரு வார்த்தை. வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, எது வயல், எது வீடு, எது உப்பளம், எது தண்ணீர், எது தரிசு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுப்போம். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் எங்கே வீடு வரலாம், எங்கே கிடங்கு வரலாம், எதைத் தொடக்கூடாது என்று திட்டம் போடுகிறவர்கள் முடிவெடுப்பார்கள். நாங்கள் மவுஸை ஒரு முறை அழுத்துவது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாகிவிடும். புதிதாக வருகிற எல்லாரிடமும் ஸ்டெல்லா சொல்கிற பேச்சு ஒன்று உண்டு: "கலர் அடிக்கிறதுக்கு முன்னாடி அங்க யாரு நடக்கறாங்கன்னு கேளு." எல்லாரும் தலையாட்டுவோம். கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சங்கதி.

அவள் எப்படிப்பட்டவள் என்று காட்ட ஒரு சம்பவம் போதும். கடற்கரை ஓரம் கட்டடம் கட்டக்கூடாது என்று ஒரு கோடு போட்டிருந்தோம். யாரோ ஒருவருடைய ரிசார்ட்டுக்கு அந்தக் கோடு இடைஞ்சல். ஒரு அதிகாரி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பெரிய விஷயம் ஒன்றுமில்லை, மேப்பில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் போதும், கண்ணுக்கே தெரியாது என்றார். நான் குனிந்து கோட்டைப் பார்த்தேன். ஸ்டெல்லா எழுந்து வெளியே போனாள். ஜீப்பில் கிடந்த நைலான் கயிற்றோடு வந்து, ஒரு முனையை அவர் மேசைக் காலில் கட்டினாள். பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் போட்ட மேப் அது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர். கயிற்றை அளந்து விட்டுக்கொண்டே கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, படி இறங்கிப் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "சார், உங்க ஒரு மில்லிமீட்டர் உங்க கார் வரைக்கும் வந்துடுச்சு." கோடு நகரவில்லை. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் நகரவில்லை.

இவ்வளவு கறாரான பெண் எப்படித் தப்பு செய்தாள் என்று கேட்பீர்கள். செய்தாள். அதை மறைத்து அவளைத் தெய்வமாக்க நான் வரவில்லை. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது.

வரைபடத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். மேகம் இல்லாத படமாக இருக்க வேண்டும். மேகம் இருந்தால் கீழே இருப்பது தெரியாது, நியாயம்தான். ஆனால் நம் கரையில் மழை எப்போது? ஐப்பசி, கார்த்திகை. அந்த இரண்டு மாதமும் வானம் மூடிக் கிடக்கும். மேகமில்லாத படம் வேண்டுமென்றால் மாசியிலிருந்து வைகாசிக்குள்தான் கிடைக்கும். ஆக, எங்கள் வரைபடங்கள் எல்லாமே காய்ந்த நாளில் எடுத்தவை. மழைக்காலத்தில் இந்த மண் எப்படி இருக்கும் என்று அந்த வரைபடங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த விதியை நாங்கள் வருஷக்கணக்காகப் பெருமையோடு கடைப்பிடித்தோம். மேகம் ஒரு துளிகூட இல்லாத படம் கிடைத்தால் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டுவோம்.

அப்படிக் கிடைத்த ஒரு சித்திரை மாதப் படத்தில் கோரைப்பள்ளம் வெள்ளையாக இருந்தது. காலனிக்கும் கழுவெளி என்கிற உப்புநீர் ஏரிக்கும் நடுவில் இருக்கிற தாழ்ந்த இடம் அது. மேற்கே ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் காலனிக்குள் வராமல் அந்தப் பள்ளத்தில் பரவி நின்று, மெல்ல மெல்லக் கழுவெளிக்குப் போய்ச் சேரும். சித்திரையில் பார்த்தால் உப்புப் பூத்த மண், நாலு கோரைப் புல், வேறொன்றுமில்லை. படத்தில் அது உப்பளத்தின் நிறமும் இல்லை, தண்ணீரின் நிறமும் இல்லை. ஸ்டெல்லா அதைத் 'தரிசு' என்று போட்டாள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவள்! பின்னால் அவளே சொன்னாள். திரையில் அது அவளுக்கு ஊராகத் தெரியவில்லையாம், வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்ததாம். பெயர் எழுதாத படத்தில் சொந்த ஊரை அடையாளம் காண்பது அவ்வளவு சுலபமில்லை.

வரைபடத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து அதை வைத்துத் திட்டம் தீட்டினார்கள். தரிசு சும்மாதானே கிடக்கிறது, கிடங்குகளுக்கு ஒதுக்கலாம் என்று கோரைப்பள்ளத்துக்கு ஊதா நிறம் கொடுத்தார்கள். திட்டத்துக்கு முடிவான ஒப்புதல் வருவதற்குள்ளேயே மோப்பம் பிடித்த யாரோ அதன் ஒரு ஓரத்தில் லாரி லாரியாகக் கிராவல் மண் கொட்டி மேடாக்கினார்கள். அந்தக் கார்த்திகையில் காலனிக்குள் தண்ணீர் வந்தது. புயல் மழையில்லை, வருஷா வருஷம் பெய்கிற மழைதான். போகிற வழியை அடைத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்?

ஸ்டெல்லா அம்மாவைப் பார்க்கப் போனவள் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிக்கொண்டே, கோபம்கூட இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாராம். "நீ போட்ட மேப்புல நம்ம பள்ளம் தரிசாமே ஸ்டெல்லா?"

மறுநாள் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். புடவை ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். நாம் படத்தில் இருந்ததைத்தானே போட்டோம், விதிப்படிதானே செய்தோம் என்றெல்லாம் இழுத்தேன். அவள் என் பேச்சை வெட்டினாள். "விதி இன்னா விதி. தப்பு என்னுது. நான்தான் கலர் அடிச்சேன். உப்பத் தின்னவ தண்ணி குடிக்கணும், குடிக்கறேன்." அன்றிலிருந்து தொடங்கியதுதான் அந்த மூன்று வருஷம்.

மேகத்தைத் துளைத்துக்கொண்டு கீழே பார்க்கிற ரேடார் படங்கள் இருக்கின்றன. எங்கள் பிரிவில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஸ்டெல்லா கற்றுக்கொண்டாள். சனிக்கிழமைகளில் தனியாக வந்து உட்கார்ந்து, புரியாததை முகம் தெரியாத ஆட்களுக்கு எழுதிக் கேட்டுக் கேட்டுப் படித்தாள். ரேடார் படத்தில் தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். முந்தைய மூன்று மழைக்காலப் படங்களை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், கறுப்பு. நாங்கள் தரிசு என்று எழுதிய இடம் முழுக்கத் தண்ணீர். அதன் மேல் காலனி வீடுகளையும் தரையின் மேடு பள்ளத்தையும் பொருத்தி, பள்ளத்தை மூடினால் எந்தெந்தத் தெருவுக்குள் தண்ணீர் ஏறும் என்று கணக்கிட்டுக் காட்டினாள். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரி இருந்தது அந்தப் படம். தன் தவறை ஒப்புக்கொண்டு, 'நான் தவறாக வகைப்படுத்திவிட்டேன், திருத்த வேண்டும்' என்று மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, படத்தை இணைத்துக் கொடுத்தாள். அரசு வேலையில் இருபது வருஷம் கழித்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் எழுத மாட்டார்கள் என்று.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு பக்கம். செயற்கைக்கோள் படத்துக்குப் பல விளக்கங்கள் சொல்லலாம், ஆனால் மேற்படி இடத்தில் நேரடிக் களச் சரிபார்ப்பு நடந்திருக்கிறது, பன்னிரண்டு புள்ளிகளிலும் 'தரிசு என்பது சரி' என்று சரிபார்த்த அலுவலர் கையெழுத்திட்டிருக்கிறார், எனவே திருத்தம் தேவையில்லை.

அந்த அலுவலர் நான்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வயதில்லை இனி. சொல்லிவிடுகிறேன். வரைபடம் போட்டதும் கம்ப்யூட்டர் ஆங்காங்கே சில புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துத் தரும். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரில் போய், படத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்து எழுத வேண்டும். கோரைப்பள்ளத்தில் விழுந்த பன்னிரண்டு புள்ளிகளுக்கு நான் போனது மே மாதம், உச்சி வெயில். ஜீப் உள்ளே போகாது. சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, இறங்கி நூறு அடி நடந்து பார்த்தேன். கண் கூசுகிற வெள்ளை மண். பன்னிரண்டும் இதேதானே என்று நின்ற இடத்திலேயே பன்னிரண்டு படிவத்திலும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அப்போது உப்பளத்திலிருந்து வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று, என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "இப்ப வந்து பாத்தா இன்னா தெரியும் சார்? ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க, உங்க ஜீப்பே மெதக்கும்" என்றார். நானும் சிரித்தேன். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. இடம் இல்லாததை எழுதாமல் விட்டுவிட்டு, கோட்டக்குப்பத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

நம் அலுவலகத்தில் இது எனக்கு மட்டுமான வழக்கமா? சொல்லுங்கள் பார்க்கலாம். சாலையிலிருந்து பார்த்து உள்ளே இருக்கிற புள்ளிக்கு டிக் போடாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று ஊர் நம்மைச் சொல்வது சும்மா இல்லை.

ஸ்டெல்லாவுக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரியும். பதிலை வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லிச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவள் கேட்டது ஒன்றுதான், உள்ளே போனேனா என்று. போகவில்லை என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "நீ போகலைன்னு நான் எழுதமாட்டேன் தணிகாசலம். அது நீ சொல்ல வேண்டிய பேச்சு. சொன்னா நல்லது."

நான் சொல்லவில்லை. பொய்யாகச் சரிபார்த்தேன் என்று ஒப்புக்கொண்டால் விசாரணை வரும், ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கிறது, பெயர் கெடும் என்று எனக்கு நானே காரணம் அடுக்கினேன். பார்க்கலாம் என்றேன். அடுத்த மழை வந்தது. காலனிக்குள் மறுபடியும் தண்ணீர். அப்போதும் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். தினமும் அவளோடு டீ குடித்தேன். அவளும் ஒரு நாள்கூட ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டாவது மனுவுக்கு விசாரணை வைத்தார்கள். தொழில்நுட்ப உதவிக்கு என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், எனக்கு நாற்காலி போட்டார்கள், ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ரேடார் படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, அம்மா, உங்கள் சொந்தக்காரர்கள் அந்தக் காலனியில் இருக்கிறார்களாமே, அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறீர்களோ என்று கேட்டார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்டெல்லாவின் முகம் மாறவே இல்லை. "ஆமா சார், இருக்காங்க. அதனாலதான் அங்க தண்ணி வர்றது எனக்குத் தெரியுது. உங்க சொந்தக்காரங்க இருந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள். சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். ஆனால் அவர் விடவில்லை. களத்தில் நேரில் பார்த்தவர் கையெழுத்து இருக்கும்போது படத்தை எப்படி நம்புவது என்றார். நேரில் பார்த்தவன் அவருக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். மனு தள்ளுபடி ஆனது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, காலனியில் தன் அம்மாவையும் தம்பியையும் தவிர வேறு யாரும் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சொன்னாள். கோயிலில் பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறாளாம். எங்கள் தெருவில் பிறந்து எங்களையே மூழ்கடித்தாள் என்று பேச்சு. மனு கொடுத்த கதையை அவர்களிடம் சொல்லலாமே என்று கேட்டேன். ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

ஆவணி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அடக்கத்துக்குக் காலனியிலிருந்து பாதிப் பேர்கூட வரவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். அவள் படமும் வரைபடமும் போட்ட அந்தப் பெரிய பேனரைப் பார்த்தீர்கள். மனுவைத் தள்ளுபடி செய்த அதே மனிதர் மைக் பிடித்து, ஸ்டெல்லா மறைந்தாலும் அவர் வரைபடம் நின்று பேசும், அதில் ஒரு கோட்டைக்கூட மாற்ற விடமாட்டோம் என்று தழுதழுத்தபோது கைதட்டியவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவருக்கு உண்மையிலேயே மறந்துவிட்டதா, அல்லது செத்தவள் எழுந்து வரமாட்டாள் என்ற தைரியமா? எதுவாக இருந்தாலும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நான் எழுந்து போய் மைக்கை வாங்கி, அந்தக் கோடுகளை மாற்றச் சொல்லித்தான் அவள் செத்தாள், அவற்றை நிற்கவைத்திருப்பது என் பொய்க் கையெழுத்து என்று சொன்னேன். குரல் உடைந்துவிட்டதால் சரியாகக் கேட்டிருக்காது. அதனால் எழுத்தில் மறுபடியும் சொல்கிறேன். கோரைப்பள்ளத்தின் பன்னிரண்டு புள்ளிகளில் ஒன்றுக்குக்கூட நான் போகவில்லை.

மறுநாள் இதையே வாக்குமூலமாக எழுதிக்கொண்டு போனேன். தபால் வாங்குகிற தம்பி வாசித்துப் பார்த்துக் குழம்பினான்.

"இது யாரு மேல புகார் சார்?"

"என் மேலதாம்பா. சீல் போட்டுக் குடு."

அதற்கும் பதில் வந்தது. வாக்குமூலம் பரிசீலனையில் உள்ளது, மறு சரிபார்ப்புக்கு ஆள் அனுப்பப்படும், மழைக்காலத்தில் வண்டி போகாது என்பதால் மே மாதம் போகலாம். மே மாதம்! திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் மார்கழியோடு முடிகிறது. அது தெரியாமல் எழுதினார்களா? தெரிந்துதான் எழுதினார்கள். காய்ந்த நாளில்தான் பார்ப்பேன், காய்ந்துதான் இருக்கிறது என்று எழுதுவேன் என்றால், இந்த மண்ணுக்கு நியாயம் எந்த மாதத்தில் கிடைக்கும்?

போன வாரம் விடாத மழையில் நானும் அந்தோணியும் கோரைப்பள்ளத்துக்குப் போனோம். ஜி.பி.எஸ்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முதல் புள்ளியில் கணுக்கால் அளவு தண்ணீர். மூன்றாவதில் தொடை. அந்தோணி முன்னால் கழியை ஊன்றிப் பார்த்துப் பார்த்து நடந்தான், நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது புள்ளியில் தண்ணீர் என் மார்புக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் வேண்டாம்ணா, இழுக்குது என்றான். மிச்ச ஆறு புள்ளிகளுக்கு யாராலும் நடந்து போக முடியாது, அந்தப் பக்கம் மீன்பிடிக்கிறவர்கள் தோணியில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தோணி குடை பிடிக்க, நின்ற இடத்திலேயே படிவத்தின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே, தண்ணீர் எவ்வளவு என்று எழுதினேன். போன புள்ளிகளுக்குப் போனேன் என்றும், போகாத புள்ளிகளுக்குப் போக முடியவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டெல்லாவின் ரேடார் படங்களோடு அதை ஆட்சேபமாகக் கொடுத்திருக்கிறேன். என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாது. விசாரணை எனக்கு வரும் என்பது மட்டும் நிச்சயம், வரட்டும். அந்த ஆட்சேபத்தில் கையெழுத்துப் போட உங்களுக்கும் மார்கழி வரை நேரம் இருக்கிறது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று யோசித்துப் பார்த்தேன். அவளுடைய பொறுமை எனக்கு வேண்டாம். மூன்று வருஷம் அந்தப் பொறுமை என்னைத்தான் காப்பாற்றியது, காலனியைக் காப்பாற்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் அவள் மேல்கூடக் கோபம் வருகிறது. ஏண்டி என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்க ஆள் இல்லை. என்னுது என்று ஒரு தப்பை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாளே, அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று அந்தோணி போன் செய்தான். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம், அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறானாம். போனை வைப்பதற்கு முன், தெருவில் எல்லாரும் இந்த வருஷமும் அக்கா போட்ட மேப் என்றுதான் பேசுகிறார்கள் என்றான்.

"தணிகாசலம் கையெழுத்துன்னு சொல்லு. என் வீடு எங்க இருக்குதுன்னும் சொல்லு" என்றேன்.